வளையலில் ஒரு வெள்ளைத் திட்டு

துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைகளின் வாசலில் நிற்பதுதான் அவள் வேலை. உள்ளே போகிறவர் கையில் எத்தனை உருப்படியோ அந்த எண் போட்ட டோக்கனைக் கொடுப்பாள்; வெளியே வரும்போது எண்ணி வாங்குவாள். எண்ணுவது பெரிய விஷயமில்லை. போகும்போது தட்டையாக இருந்த கைப்பை வரும்போது புடைத்திருக்கிறதா, வெயில் காலத்தில் எதற்கு இத்தனை பெரிய சால்வை, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து அவள் கண்ணே அப்படி ஆகிவிட்டது. கடையில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா.

வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கு கொஞ்சம் இளைச்சிருக்கு" என்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், "உன்னைப் போலீஸ்ல சேத்திருக்கணும். ஊர்ல ஜெயில் பத்தாம போயிருக்கும்" என்று சிரித்துவிட்டு நழுவிவிடுவான்.

அவளிடம் நகை அதிகமில்லை. அம்மா போட்டுவிட்ட இரண்டு தங்க வளையல், மெல்லிய சங்கிலி ஒன்று, முத்துத் தோடு, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. ஆனால் அவற்றை அவள் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் கைக்குழந்தை தோற்றுப்போகும். ஞாயிறு காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டுத் தங்கத்தை ஊறவைப்பாள். குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தடவி எடுப்பாள். முத்துக்குத் தண்ணீரே காட்டமாட்டாள், ஈரத்துணியால் ஒரு ஒற்றல், அவ்வளவுதான். கொலுசுப் பையில் கறுக்காமலிருக்க ஒரு சாக்பீஸ். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் துணியால் துடைத்து, தனித்தனிப் பையில் போட்டு, பீரோ இழுப்பறைக்குள் பூட்டுவாள். மஞ்சள் துணியும் அதே இழுப்பறையில்தான் இருக்கும். சாவி மிக்ஸிக்குப் பின்னால் இருப்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டில் அது தெரியாத ஆள் கிடையாது.

அந்த வருஷம் கொழுந்தனுக்கு வேலை மாற்றலாகி, அவனும் மனைவியும் வந்து தங்கியிருந்தார்கள். சின்னவள் நல்ல கலகலப்பான பெண். வந்த கையோடு ஒரு கவரிங் நகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கமும் கவரிங்கும் ஒரே கூரையின் கீழ் இருப்பது டோக்கன் அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தச் சின்னவள் ஒரு நாள், "அக்கா, ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு உங்க வளையல் ஒண்ணு போட்டுட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். மறுக்க முடியாமல் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலமே பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, துடைத்து வைக்கும்போது, சின்னவள் போட்டுப்போன அதே வளையலில் ஒரு வெள்ளைத் திட்டு. தேய்த்தாள், போகவில்லை. மஞ்சள் பூச்சு உதிர்ந்து உள்ளேயிருக்கும் தகரம் எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சமையலறைத் தராசில் இரண்டு வளையல்களையும் மாற்றி மாற்றி வைத்தாள். எடை குறையவில்லை. குறையாததே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. 'எவ்வளவு கணக்காச் செஞ்சிருக்கா பாரு!'

"உங்க கடையில அச்சு அசல் தங்கம் மாதிரியே செய்வாங்களாமே?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"ஆமாக்கா, கையில வெச்சுப் பாத்தாகூட வித்தியாசம் தெரியாது" என்றாள் சின்னவள் பெருமையாக.

டோக்கன் அக்கா தட்டைத் தள்ளிவைத்து எழுந்தாள்.

இழுப்பறை இடுக்கில் கறுப்பு நூல் ஒன்றைச் செருகி வைத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் நூல் தரையில் கிடந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். பகலில் வீட்டில் இருப்பவர் மாமனார் ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காய்ச்சலில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தார். கிழவருக்கு நகை எதற்கு? சின்னவள் அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாளாம். வேறென்ன வேண்டும்?

அதற்கடுத்த ஞாயிறு மற்ற வளையலும் வெளுத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி தொட்டதும் உடைந்து விழுந்தது. இந்த இரண்டாவது வளையலை அவள் யாருக்கும் கொடுத்ததே இல்லை. வேறொருத்தியாக இருந்தால் அங்கே கொஞ்சம் யோசித்திருப்பாள். இவளோ, 'ஒண்ணோட நிக்கலையா!' என்று கொதித்துப்போய்க் கூடத்துக்கு வந்தாள்.

"என் வளையல் எங்க?"

"உங்க கையிலதானே இருக்கு?" என்றாள் சின்னவள், புரியாமல்.

"இது உங்க கடை வளையல். என்னோடதைக் கேக்கறேன்."

சின்னவள் முகம் வெளிறியது. கொழுந்தன் எழுந்தான், டோக்கன் அக்காவின் கணவன் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமலோடு விழுங்கிக்கொண்டார்.

"கிளம்புங்க" என்றாள் சின்னவள். "ஆசாரிகிட்டப் போவோம். ரெண்டு பேருமே போவோம். நடுவுல நான் மாத்திட்டேன்னு நீங்க சொல்லக் கூடாது, வளையலை நீங்களே வெச்சுக்குங்க."

ஆசாரி பட்டறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திட்டைப் பார்த்தார், கல்லில் உரசினார்.

"தங்கம்தான்மா. நல்ல தங்கம். மேல பாதரசம் பட்டிருக்கு. பட்டா ஒட்டிக்கும், வெளுத்துடும், மெல்லிசா இருந்தா ஒடிஞ்சும் போகும். வீட்டுல தெர்மாமீட்டர் ஏதாவது ஒடஞ்சுதா?"

"இல்லையே" என்றாள் டோக்கன் அக்கா. உடனே சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சின்னவள் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

வளையலைச் சரிசெய்ய அங்கேயே விட்டுவரச் சொன்னார் ஆசாரி. "நீங்களா அடுப்புல காட்டிடாதீங்க, அந்தப் புகை விஷம். எதுலேர்ந்து பட்டுதுன்னு முதல்ல தேடுங்க."

தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலிலேயே மாமனார் காத்திருந்தார்.

"அம்மா, நான்தான். காய்ச்சலன்னிக்கு அந்தப் பழைய தெர்மாமீட்டரை உதறினேன், கட்டில்ல பட்டு உடஞ்சுது. குண்டு குண்டா ஓடிச்சு. பக்கத்துல காயப்போட்டிருந்த உன் மஞ்சத் துணியாலதான் துடைச்சேன். ஜன்னல்ல உதறிட்டு அங்கேயே போட்டுட்டேன்."

"அப்போ இழுப்பறையைத் திறந்தது?"

"துணியை எடுத்து அலசி வெச்சிடலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள சின்னவ சாப்பிட வந்துட்டா. மூடிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா? உடஞ்சா உடஞ்சுட்டுப் போகுது!"

கிழவர் தரையைப் பார்த்தார். "எப்படி உடஞ்சுது, ஏன் தொட்டீங்க, யாரு கூட இருந்தாங்கன்னு நீ கேப்பே. எனக்கு அன்னிக்கு உடம்புல தெம்பில்லம்மா."

இழுப்பறையிலிருந்த மஞ்சள் துணியை விரித்துப் பார்த்தாள். மடிப்பில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள் மினுங்கின. வாரம் தவறாமல் அவற்றைத் தன் நகை முழுக்கத் தேய்த்தது அவள் கைதான். துணியை மூடி போட்ட பாட்டிலில் அடைத்தாள்.

சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டாள். சின்னவளும், "பரவாயில்லக்கா" என்றாள். ஆனால் அந்த மாதமே தனியாக வீடு பார்த்துவிட்டார்கள்.

"இன்னும் கோவமா?" என்று சாமான் கட்டும்போது கேட்டாள் டோக்கன் அக்கா.

"கோவமெல்லாம் இல்ல. ஆனா இங்க கையை எங்க வெக்கிறதுன்னே தெரியலக்கா. கண்ணாடி முன்னால நின்னாகூட நீங்க பாக்கறீங்களோன்னு இருக்கு."

டோக்கன் அக்கா குனிந்து, பாத்திர மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

வெகுநாள் கழித்து, ஒரு விடுமுறை நாளில் மாமனாரோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். சின்னவள் சிரித்த முகமாகத்தான் வரவேற்றாள். டீ போட அடுக்களைக்குள் போனாள். மாமனாரும் பேச்சுக் கொடுத்தபடி அவள் பின்னாலேயே போய்விட்டார். கூடத்தில் டோக்கன் அக்கா மட்டும். எதிரே அலமாரித் தட்டில் ஒரு மோதிரம் சும்மா கிடந்தது, சின்னவள் கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பாள் போல.

டோக்கன் அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். அடுக்களையில் இருப்பவர்களுக்குத் தன் இரண்டு கையும் நன்றாகத் தெரிகிறபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, டீ வரும்வரை அங்கேயே நின்றாள்.