சிவப்புக் கிடாரின் வயது

சாச்சாவுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. பாட்டு, ராகம் என்று எதுவும் அவர் தலையில் ஏறியதில்லை. கல்யாண வீட்டுப் பாட்டுக்குக் கூடத் தாளம் தப்பித்தான் கை தட்டுவார் என்று உம்மா கேலி செய்வார். ஆனால் எந்தக் கிடாரைக் கொண்டுவந்து நீட்டினாலும் அது எந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவிடுவார். அந்த வித்தையை அவர் எனக்கும் கற்றுக்கொடுத்தார். அதனால் வந்ததுதான் வினை.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். துபாயில் சத்வாவின் பின்தெரு ஒன்றில் வாப்பா பழைய சாமான் கடை வைத்திருந்தார். டிவி, டேப்ரெக்கார்டர், மின்விசிறி, அவற்றோடு எலக்ட்ரிக் கிடார்களும் உண்டு. ஓட்டல்களில் பாட வந்த பிலிப்பினோ இசைக்குழுக்காரர்கள் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது கிடாரை எங்களிடம் விற்றுவிட்டுப் போவார்கள். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் அதையே வாங்கிக்கொள்வார்கள். பழுது பார்ப்பது, கம்பி மாற்றுவது, துடைத்துப் பளபளப்பாக்குவது எல்லாம் வாப்பாவின் கடைசித் தம்பியான சாச்சாவின் வேலை.

டிவி என்றால் பழசாகப் பழசாக மதிப்புக் குறையும். கிடாருக்கு அப்படியே தலைகீழ். பழசு என்றால் ஆளாளுக்குக் கண் விரியும். ஆகவே விற்க வருகிறவன் ஒவ்வொருவனும் தன் கிடார் தன் தகப்பன் காலத்தது என்று சத்தியம் செய்வான். சாச்சா மறுத்துப் பேசமாட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கிடாரின் தலையைத் திருப்பி, அங்கே பொடி எழுத்தில் இருக்கும் நம்பரைப் பார்ப்பார். எங்கள் கடைக்கு அதிகம் வந்த அமெரிக்கக் கம்பெனிக் கிடார்களில் நம்பருக்கு முன்னால் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். எஸ் என்றால் எழுபதுகள், ஈ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். எழுத்தை அடுத்து வரும் முதல் எண்தான் வருஷம். ஈ மூன்று என்று தொடங்கினால் எண்பத்து மூன்று. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பள்ளிவிட்டு வந்து, மத்தியானம் கடை மூடியிருக்கும் நேரத்தில் நானும் சாச்சாவும் இதைத்தான் விளையாடுவோம். அவர் ஒரு கிடாரின் தலையை மட்டும் துணிக்கு வெளியே காட்டுவார். நான் வருஷத்தைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பக்கத்துக் கபேயிலிருந்து சமோசா வரும்.

“நம்பரப் பாத்தவுடனே நம்பிறக் கூடாது மவளே,” என்பார். “இது தலையோட நம்பர். கழுத்தும் தலையும் ஒரே கட்டை. பின்னால நாலு ஸ்க்ரூவக் கழத்துனா தனியா வந்துரும். உடம்பு வேற வருஷமா இருக்கும். உள்ள தொறந்து பாத்தாத்தான் நெசம் தெரியும்.”

உம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பொம்பளப் புள்ளைக்குக் கிடாரோடு என்ன வேலை என்று முணுமுணுப்பார். ஆனால் சாச்சாவோடு நான் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. காரணம் வேறு. சாச்சா தெருவில் தனியாக நடக்கமாட்டார்.

அது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். வீட்டிலிருந்து கடைக்கு நேர்ரோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நாங்கள் மட்டும் சந்துசந்தாகப் புகுந்து போவோம். ஒவ்வொரு முனையிலும் சாச்சா நின்றுவிடுவார். “மவளே, ஓடிப் போயி அந்தப் பக்கம் யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்துட்டு வா.” நான் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, யாருமில்லை என்று தலையாட்டிய பிறகுதான் அவர் காலெடுத்து வைப்பார். போலீஸ் வண்டி எங்காவது தெரிந்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்! அந்தச் செருப்பில் அப்படிச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது.

ஏன் என்று நான் கேட்டதில்லை. பயம் எங்கள் வீட்டில் ஜலதோஷம் மாதிரி, கேள்வி கேட்காமலே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொண்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் உம்மா முதலில் சாச்சாவைப் பார்ப்பார், பிறகுதான் கதவைப் பார்ப்பார். சாச்சாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எதற்குப் பிடிப்பார்கள் என்பது தெரியாது. ஊரில் சாச்சியும் இரண்டு பிள்ளைகளும் அவர் கையை நம்பி இருந்தார்கள். அவரைப் பிடித்தால் அவர்கள் கதி என்ன என்று நான் பாயில் படுத்துக்கொண்டு யோசித்ததுண்டு.

அந்த வருஷம் கெடுபிடி கூடியிருந்தது. பேட்டைக்குப் பேட்டை ஆட்களை நிறுத்தி வேலை அட்டையைக் கேட்டார்கள். அந்த அட்டையை அங்கே எல்லாரும் பத்தாக்கா என்போம். அப்படியொரு மத்தியானம். வாப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாச்சா ஒரு சிவப்புக் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடைந்துபோன இரண்டு கிடார்களை வாங்கி, ஒன்றின் கழுத்தையும் மற்றொன்றின் உடம்பையும் சேர்த்து அவர் உண்டாக்கியது அது.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். குனிந்து உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிலிப்பினோ. முன்பின் பார்த்திராத ஆள், முகம் வாடிப்போயிருந்தது. மற்றவர் வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட அரபி. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டி, உடைந்த இந்தியில் தான் சி.ஐ.டி. என்றார்.

சாச்சாவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்திருந்தது. முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

பிலிப்பினோவின் கிடார் இரண்டு நாளைக்கு முன் காணாமல் போய்விட்டதாம். சிவப்பு நிறமாம். சத்வாவில் பழைய கிடார் விற்கும் கடை இது ஒன்றுதானாம். அதிகாரி சாச்சாவின் கையிலிருந்த சிவப்புக் கிடாரைக் காட்டி, “யே கித்தர் ஸே ஆயா?” என்றார். எங்கிருந்து வந்தது என்கிறார்.

நான் காத்திருந்தேன். சாச்சா இப்போது கண்ணாடியை இறக்குவார், தலையைத் திருப்பிக் காட்டுவார், நம்பரைச் சொல்வார், வந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். அவரோ மரம் போல நின்றார். “லே ஜாவ் ஸாப், லே ஜாவ்,” என்று கிடாரை நீட்டினார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுக்கிறார்! தன் கையால் செய்த கிடாரை! அதிகாரியின் புருவம் உயர்ந்தது. திருடாதவன் எவன் இப்படிக் கொடுப்பான்?

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சாச்சாவைத் திருடன் என்று நினைக்கிறார்களே! வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. பிலிப்பினோவிடம் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேட்டேன், உங்கள் கிடாரின் நம்பர் என்ன என்று. அவர் மனப்பாடமாகச் சொன்னார். ‘என்’ எழுத்தும் நான்கும் என்று தொடங்கியது.

“அப்படியானால் அது தொண்ணூற்று நான்கு. இது ஈ மூன்று. எண்பத்து மூன்று. உங்களுடையதைவிட இது மூத்தது,” என்றேன்.

பிலிப்பினோ கிடாரின் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டார். ஆனால் நாணயமான மனிதர், அதோடு விடவில்லை. தலையை மாற்றிவிட முடியும், கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். சாச்சா எனக்குச் சொன்ன அதே பாடம்.

கழற்றச் சொன்னார்கள். சாச்சா கம்பிகளைத் தளர்த்தினார், பின்பக்கம் திருப்பி ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். அது வழுக்கிக்கொண்டே போனது. கண்ணை மூடிக்கொண்டு கழற்றக்கூடியவர், ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து கிடாரின் மேல் சொட்டியது. எனக்குப் புரியவில்லை. இது நம்முடையதுதானே, எதற்கு இப்படித் தடுமாறுகிறார்? ஒருவேளை சாச்சா நிஜமாகவே திருடியிருப்பாரோ? யா அல்லாஹ், உள்ளே தொண்ணூற்று நான்கு என்று இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கழுத்து தனியாக வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில், பெயின்டுக்கு அடியில், மங்கலாக ஒரு முத்திரை. பிலிப்பினோ லைட்டரைப் பற்றவைத்து வெளிச்சம் காட்டிப் படித்தார். எழுபத்து ஒன்பது.

“நாட் மைன்,” என்றார். சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது போலிருந்தது. பாவம், கிடைத்துவிடும் என்று நம்பி வந்தவர்.

எனக்குக் குதிக்கத் தோன்றியது. அதிகாரி சிரித்துவிட்டார். கழுத்தை ஒரு கையிலும் உடம்பை ஒரு கையிலும் தூக்கிப் பார்த்தார். தலை ஒரு வருஷம், உடம்பு ஒரு வருஷம், ஆனால் வெளியே பார்த்தால் ஒரே ஆள் என்று இந்தியில் வேடிக்கையாகச் சொன்னார். சாச்சா மட்டும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, போகிற போக்கில், அதிகாரி கையை நீட்டினார். “பத்தாக்கா.”

சாச்சா எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், சாச்சாவைப் பார்த்தார். அதில் விரலை வைத்து, இதுதான் உன் பெயரா என்று கேட்டார். சாச்சா, ஆமாம் ஐயா என்பதாக, “ஹாங் ஸாப்,” என்றார். அட்டையில் நாற்பது வயது தாண்டியிருக்கிறதே, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று அதிகாரி கேட்டார். சாச்சா குனிந்து, கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

அதிகாரி என் பக்கம் குனிந்தார். மகளே என்று இந்தியில் கூப்பிட்ட குரலில் சர்க்கரை தடவியிருந்தது. “பேட்டி, இவர் பேர் என்ன? நீ சொல்லு.”

சாச்சாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“சாச்சா,” என்றேன்.

“சாச்சா சரி. பேர்?”

“சாச்சாதான் பேர்.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டினார். பத்தாக்காவைத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து, கிடார் இங்கே இல்லை என்று ஒரு கையெழுத்துப் போடு, பாஸ்போர்ட்டும் எடுத்து வா, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பிலிப்பினோவை அழைத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறினார்.

சாச்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பெரிய சாதனை செய்துவிட்ட கர்வத்தில் இருந்தேன். இன்றைக்கு எத்தனை சமோசா கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. அவர் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்தார்.

“ஏம் மவளே, அவன் கேட்டப்ப ஏன் அப்புடிச் சொன்ன?”

“எப்படி?”

“சாச்சாதான் பேருன்னு.”

“அதானே உங்க பேரு?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அழத் தொடங்கினார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை போல. எனக்குப் போலீஸைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது.

அன்று சாயங்காலமே வாப்பா அவரை ஷார்ஜாவில் தெரிந்தவர் ரூமுக்கு அனுப்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு அவர் போகவில்லை. சில வாரத்தில் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்களோடு வரிசையில் நின்று, வெளியேறும் சீட்டான அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பிலிப்பினோவின் கிடார், அவர்கள் ஓட்டல் பஸ்ஸின் பின்சீட்டுக்கு அடியிலேயே கிடந்ததாம். வயது ஒத்துவராத கிடாரை உண்டாக்கிய குற்றத்துக்காகத்தான் சாச்சாவை நாடு கடத்திவிட்டார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்து, கல்யாணப் பேச்செல்லாம் வரத் தொடங்கிய பிறகு, உம்மா மீன் ஆய்ந்துகொண்டே அதைச் சொன்னார். வாப்பா விசா எடுத்தது சாச்சாவுக்கு அல்ல, சாச்சாவுக்கு மூத்தவரான, வாப்பாவின் இன்னொரு தம்பிக்கு. பெட்டி கட்டி, பயணம் சொல்லி முடித்த வாரத்தில் அந்தத் தம்பி காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். அவ்வளவு பாடுபட்டு வந்த விசா வீணாக வேண்டாம் என்று, ஏஜென்ட் ஒருவன் பாஸ்போர்ட்டில் படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தான். மய்யித்துக்குத் தோள் கொடுத்த சாச்சா, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குள் தன் அண்ணனான அந்தக் காக்காவின் பெயரிலும் காக்காவின் வயதிலும் விமானம் ஏறிவிட்டார். வீட்டில் சொந்தப் பெயர் புழங்கினால் வெளியில் வாய் தவறிவிடும் என்று வாப்பாவும் உம்மாவும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளையான என் காதில் அவருடைய எந்தப் பெயரும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் அவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் செத்துப்போன காக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அத்தனை வருஷமும் அவர் அதற்குத் திரும்பிப் பார்த்து, ஹாங் ஸாப் என்று சொல்லியிருக்கிறார். அங்கே அவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்த பெயர் நான் கூப்பிட்ட ஒன்றுதான். அதை அன்று ஒரு போலீஸ்காரன் கேட்டுச் சிரித்து, சரி என்று ஒத்துக்கொண்டு போயிருக்கிறான்.

எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. கிடார் இரண்டு துண்டாகக் கிடக்கிறதே, அதற்காகத்தான் இந்த அழுகை என்று நினைத்து, நாலு ஸ்க்ரூவையும் பொறுக்கி எடுத்து அவர் கையில் வைத்தேன்.