இடப்பக்கப் பெட்டியில் கைத்தடங்கள்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலை, நகரின் நடுவில் இருந்த ஒரு நடன விடுதியை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துப்புரவு செய்வது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொன்பது வயது. டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு பதினோராம் மாடி அப்பார்ட்மெண்டில் அண்ணனோடும் அவருடைய மனைவியோடும் இருந்தேன். அண்ணனின் மனைவி எங்கள் ஊர் வழக்கில் எனக்கு மச்சாள். நானும் அவளுக்கு மச்சாள்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர்களுக்கு அப்போது பிள்ளைகள் இல்லை.

அண்ணன் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். சனி இரவு வேலை முடித்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவார். உடுப்புக்கூட மாற்றாமல் என்னை ஏற்றிக்கொண்டு போய் விடுதி வாசலில் இறக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சப்வே ஓடத் தொடங்க ஒன்பது மணியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ‘ஒரு ஹோல்’, விழா மண்டபம், என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அது யன்னல் இல்லாத செங்கல் கட்டடம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

என்னோடு ஒரு போர்த்துக்கீசப் பெண்மணி வேலை செய்தார். ஐம்பது வயதிருக்கும். பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போகவேண்டும் என்பதால் வேலையை விரட்டி விரட்டிச் செய்வார். கதவைத் திறந்ததும் சிகரெட் புகையும் புளித்த பியரும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். எல்லா விளக்குகளையும் போட்டால், இரவில் கண்ணாடி மாளிகையாகத் தெரிகிற இடம் கறுப்புப் பெயின்ற் அடித்த ஒரு பண்டகசாலையாகக் கிடக்கும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காரணம், கீழே கிடந்த சாமான்கள். ஒற்றைக் குதி உடைந்த சப்பாத்து. கண்ணாடிக் கோப்பைக்குள் நிறுத்திவைத்த பிறந்தநாள் மெழுகுதிரி. ஒருநாள் பெண்கள் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெட்டாத முழு அன்னாசிப்பழம் ஒன்று இருந்தது. அதை யார், எதற்காக, நடனத்துக்குக் கொண்டுவந்தார்கள்? போர்த்துக்கீசப் பெண்மணி தோளைக் குலுக்கிவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் ஒரு கிழமை முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை அதிகம் குழப்பியது வேறொன்று. ஆடுகளத்தின் இரு பக்கமும் என்னைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு நின்றன. கறுப்பு மரப் பெட்டிகள். இடப்பக்கப் பெட்டியில் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கைத்தடங்கள் இருக்கும். உள்ளங்கையை விரித்து நன்றாக அழுத்தி வைத்த தடங்கள், வியர்வை காய்ந்து வெள்ளையாக. வலப்பக்கப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. நான் கவனித்துப் பார்த்ததில் அவை மூன்று பேருடையவை. ஒரு பெரிய கை. இரண்டு சின்னக் கைகள். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிடுவேன். அடுத்த ஞாயிறு அதே மூன்று பேரும் வந்துபோயிருப்பார்கள்.

“பேய்,” என்றார் போர்த்துக்கீசப் பெண்மணி, சிரிக்காமல்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொல்வேன். மச்சாள் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கும் வேலை செய்துவந்தாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் விளையாடியவள். கனடாவுக்கு வந்தபிறகு ஓடியதில்லை என்று அடிக்கடி சொல்வாள்.

“உள்ளுக்கை அப்பிடி என்னதான் செய்யினம்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஆடுவினமாம்.”

“விடியுமட்டுமோ?”

“கதவு பூட்டுமட்டும்.”

“ஒருக்காப் போய்ப் பாப்பமே?”

“உமக்கென்ன விசரே? அண்ணை அறிஞ்சால்?”

“அறிஞ்சால் அறியட்டும். நாங்கள் என்ன களவெடுக்கவோ போறம்? பாத்திட்டு வரப்போறம்.”

பெண்களுக்கு அனுமதி இலவசம் என்று அச்சடித்த அட்டைகளை நான் ஞாயிறுதோறும் கூட்டி அள்ளுவேன். அவற்றில் நல்லதாக இரண்டைத் துடைத்து எடுத்து வைத்தேன். ஒக்ரோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், அண்ணன் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போனபின் நாங்கள் இறங்கினோம். மச்சாள் பேக்கரிக்குப் போடும் கறுப்புக் காற்சட்டைக்கு மேலே, கலியாணத்துக்கு வாங்கிய பட்டு பிளவுசைப் போட்டிருந்தாள். காதில் வைக்க ஒரு பொட்டலம் பஞ்சும் கொண்டுவந்தாள்.

வாசலில் நின்ற ஆள் கதவளவு அகலம். அடையாள அட்டை கேட்டான். என்னிடம் இருந்தது குடிவரவு அலுவலகம் தந்த, படம் ஒட்டிய கடதாசி. அதை நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். அவன் விரித்து, டோர்ச் அடித்து வாசித்தான். பிறகு மடிப்புப் பிசகாமல் மடித்து, உறைக்குள் வைத்துத் தந்து ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் யாராவது வேகமாக ஆங்கிலம் பேசினால் எனக்குப் பிடிபடாது. வாசிப்பேன், எழுதுவேன், காதில்தான் நிற்காது. வங்கியில், பஸ்ஸில், வைத்தியரிடம், எங்கேயும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

உள்ளே நான் துடைக்கும் தரை தெரியவில்லை. அவ்வளவு சனம். சத்தம் காதுக்குள் வரவில்லை; விலா எலும்புக்குள் வந்தது. மச்சாள் பஞ்சை உருட்டிக் காதில் செருகினாள், எனக்கும் செருகிவிட்டாள். இரண்டு கோக் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். இளம் பிள்ளைகள்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தலை நரைத்த ஒரு மனிதர் கோட்டும் டையுமாக, கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தாதி உடுப்போடு ஒருத்தி வந்தாள், இரண்டு பாட்டுக்கு ஆடினாள், மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் இடைவேளை எடுத்துக்கொண்டு வந்தாளோ என்னவோ.

“நான் நடுவுக்குப் போகப்போறன்,” என்று மச்சாள் என் காதருகே கத்தினாள். போய்விட்டாள்.

நான் இடப்பக்கப் பெட்டியைத் தேடிப் போனேன்.

மூன்று பேர் நின்றார்கள். உயரமான ஒரு ஆண், இரண்டு பெண்கள். ஆளுக்கொரு கை பெட்டியின் மேல். மற்றக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மடிந்து, விரிந்து, நெஞ்சைத் தொட்டு, காற்றை வெட்டி வேகவேகமாகப் போயின. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கினார், மூவரும் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் ஒருவரோடொருவர் உண்மையாகப் பேச முடிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். மற்ற எல்லாரும் கத்திக் கத்தி, கேளாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், நான் வங்கியில் செய்வதுபோல.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர்களில் கட்டைத்தலைமயிர்ப் பெண் கண்டாள். என் வயதிருக்கும். என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். நான் என் உள்ளங்கையைக் காட்டினேன், பெட்டியைக் காட்டினேன், துணியால் துடைப்பதுபோல் செய்து காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகமும் பென்சிலும் எடுத்து நீட்டினாள்.

நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: “நான் இங்கே துப்புரவு செய்கிறவள். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் கைகளைத் துடைக்கிறேன். நீங்கள் யார் என்று பார்க்க வந்தேன்.”

அவள் வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்ற இருவருக்கும் கையால் சொன்னாள். அந்த உயரமான ஆள் தன் பெரிய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலை குனிந்தார்.

“ஏன் இந்தப் பெட்டி மட்டும்? மற்றது பழுதா?” என்று எழுதினேன்.

அவள் மேலே சுட்டினாள். கழிப்பறைக்குப் போகும் வழியிலிருந்த மஞ்சள் விளக்கின் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. “மற்றப் பக்கம் இருட்டு. கை தெரியாவிட்டால் நாங்கள் ஊமைகள்,” என்று எழுதினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு மாதம் துடைத்திருக்கிறேன்; ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அந்த விளக்குக்குக் கீழே நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழுதினோம். பாட்டு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நல்ல பாட்டு நெஞ்சுவரை ஏறும். கெட்டது முழங்காலோடு நின்றுவிடும்,” என்றாள். என்ன வேலை என்று கேட்டேன். பல் கட்டும் லாப் ஒன்றில் செயற்கைப் பற்கள் செய்கிறாளாம். அன்னாசிப்பழம் பற்றிக்கூடக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “இதை எழுதும்போது எந்த மொழியில் நினைக்கிறாய்?” தமிழ் என்றேன். ஒரு சொல் எழுதிக் காட்டச் சொன்னாள். ‘கை’ என்று எழுதினேன். அந்த எழுத்தின் சுழியை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

கனடாவில் நான் தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசிய முதல் ஆள் அவள்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. சொல் வரும்வரை பென்சில் என் கையில் இருந்தது.

மச்சாளை மறந்தே போனேன். தேடிப் போனபோது சனம் விலகி நடுவில் சின்ன வட்டம் ஒன்று விட்டிருந்தது. மச்சாள் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலால் சுற்றிச் சுற்றித் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். வலைப்பந்தாட்டத்தில் பந்தை வாங்கித் திரும்பி எறிகிற அதே அசைவு. வேறு ஆட்டம் அவளுக்குத் தெரியாது. முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்து அதேமாதிரிச் சுழன்று பழகிக்கொண்டிருந்தார்கள். பிளவுஸ் முதுகோடு ஒட்டிவிட்டது. அவளுடைய அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கடைசி ரெயினுக்கு ஓடினோம். காதுக்குள் வண்டு இரைந்தது. அதனால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை.

“எனக்கு முன்னாலை நிண்ட பெட்டைக்கு என்ரை ஸ்ரெப் பிடிச்சுப்போச்சாம்! எங்கை டான்ஸ் பழகினனீங்கள் எண்டு கேட்டவள்!” என்று மச்சாள் ரெயின் பெட்டி அதிரச் சொன்னாள்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஸ்கூல் கிறவுண்டிலை எண்டு சொன்னன்!”

கென்னடி ஸ்ரேஷனில் இறங்கும்போதுதான் கண்டோம். பெட்டியின் கடைசி இருக்கையில் எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருக்கும் அங்கிள். ரெஸ்ரோரண்ட் வேலை முடிந்து வந்திருக்கவேண்டும்.

“எங்கை பிள்ளையள் இந்நேரம் போட்டு வாறியள்?” என்றார்.

நான் வாய் திறக்குமுன் மச்சாள் சொன்னாள்: “டான்சுக்கு அங்கிள்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவருடைய வாயால் கேட்குமுன் அண்ணனுக்கு நாங்களே சொல்லிவிடவேண்டும் என்று வீட்டுக்கு வந்து முடிவெடுத்தோம். நித்திரை கொள்ளவில்லை. ஏழு மணிக்கு அண்ணன் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே, வாசலில் வைத்து மச்சாள் எல்லாவற்றையும் சொன்னாள். நான் குசினிக்குள் நின்றேன். அண்ணன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, “வா, நேரமாகுது,” என்றார் எனக்கு.

ஹைவேயில் பாதித்தூரம் போனபின் அண்ணன் கேட்டார்.

“அவள் சொல்லுறது உண்மையோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப, நான் இவ்வளவு நாளும் உன்னை இறக்கிவிட்டது ஒரு கிளப்பிலை.”

“ஓம்.”

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினார். பிறகு, “உள்ளுக்கை இருக்கக் கதிரை இருக்கோ?” என்றார்.

“சுவர்ப்பக்கமாய்க் கொஞ்சம் இருக்கு.”

“குடிச்சனீங்களோ?”

“கோக்.”

“அந்தக் காது கேளாத ஆக்கள் பாட்டுக்கு ஏன் வருகினம்?”

நெஞ்சு, முழங்கால் கதையைச் சொன்னேன். அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு யோசித்தார். “எங்கட தகடு அழுத்துற பிரஸ் மெசின் அடிக்கேக்கையும் உப்பிடித்தான். நாங்கள் காதை அடைச்சுக்கொண்டுதான் நிக்கிறனாங்கள். எண்டாலும் மெசின் பிழைச்சால் முதல்ல கால்தான் அறியும்.” விடுதி வாசலில் நிறுத்தினார். “இனிப் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ. உந்தக் கடைசி ரெயினிலை வாறது வேண்டாம்.”

மச்சாளோடு அவர் செவ்வாய்க்கிழமைவரை பேசவில்லை. போனதைவிட, தன்னிடம் சொல்லாமல் போனதுதான் அவருக்குப் பட்டிருந்தது. மச்சாள் அதை ஒத்துக்கொண்டாள். போனதற்கு மட்டும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே லிஃப்டில் ஆறாம் மாடி அங்கிளைச் சந்தித்தோம். அண்ணனும் நானும் மட்டும் நின்றோம். அங்கிள் தொண்டையைச் செருமினார். “தம்பி, உங்கட பிள்ளையள் ராவிலை டான்சுக்குப் போட்டு வந்தவை போலை.”

“ஓம் அங்கிள்,” என்றார் அண்ணன். “நான்தான் போட்டு வரச் சொன்னனான். நல்லா இருந்ததாம்.”

ஆறாம் மாடி வரும்வரை அங்கிள் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகும் இரண்டு தடவை போனோம். அண்ணன் வரவில்லை, கேட்டபோது, தனக்குக் கிழமையில் ஆறு நாள் ஆட்டம்தான் என்றார். அந்தக் கட்டைத்தலைமயிர்ப் பெண்ணும் நானும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு டோனட் கடையில் சந்தித்து எழுதத் தொடங்கினோம். கடதாசியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவளுடைய கைமொழியில் சில சொற்கள் பழகினேன். அடுத்த வசந்தகாலத்தில், தன் லாபில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டாள். போனேன். போர்த்துக்கீசப் பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்து அனுப்பினார்.

முதல் நாள் என் மேசையில் ஒரு கீழ்த்தாடையின் பிளாஸ்ரர் அச்சை வைத்தார்கள். முன்பல் இரண்டு இல்லை. மற்றவை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. யாருடைய வாய் இது என்று அவளிடம் கேட்டேன். எங்களுக்கு இலக்கம் மட்டும்தான் தருவார்கள் என்றாள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கத்தால் மட்டுமே மென்று தின்கிற ஒரு ஆள். வலப்பக்கத்துக்கு என்ன நடந்திருக்கும்? பல் பதிக்கும் மெழுகை இளக்க வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.