கும்மட்டத்தில் பிறையும் சிலுவையும்

ஹங்கேரியில் பேச் என்றொரு பழைய நகரம். அங்கேதான் நான் படிக்கப் போயிருந்தேன். ஊர் நடுவில், துருக்கியர் கட்டிய பள்ளிவாசல் ஒன்று இப்போது தேவாலயமாக இருக்கிறது. பச்சைக் கும்மட்டத்தின் உச்சியில் பிறை, பிறைக்கு மேல் சிலுவை. துருக்கியர், ஜெர்மானியர், குரோவாசியர் என்று பல சனங்கள் கூடி வளர்த்த ஊர் இது என்று வழிகாட்டிப் பெண் பெருமையடித்துக்கொண்டே போனாள். அத்தனை சனம் வளர்த்த ஊரில் தமிழில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆளில்லை.

உள்ளே போகும்போது பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டேன். வாசலில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பதறிப்போய், கல் குளிரும், போட்டுக்கொள் என்று சைகை காட்டினார். சப்பாத்தோடு பள்ளிக்குள் நடக்க எனக்குக் கால் கூசியது.

இமாம் நின்று தொழுவிக்கும் மிஹ்ராப் மாடம் சுவரில் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் பள்ளிக்குள் போவதில்லை. மிஹ்ராபுக்கு முன்னால் நான் முதன்முதலாக நின்றது ஒரு தேவாலயத்துக்குள்! கூடச் சிரிக்க யாருமில்லை. வாப்பாவை வீடியோவில் அழைத்தேன்.

வாப்பா அப்போது புத்தளத்துப் பக்கம் பாலாவியில் எங்கள் வீட்டில் இருந்தார். தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, முஸ்லிம் சனம் மொத்தமும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது, உடுத்த துணியோடு புத்தளம் வந்தவர். நான் பிறந்தது அங்கே அகதி முகாமில். யுத்தம் முடிந்த நாளிலிருந்து ஊருக்குத் திரும்பவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூத்தவரான நானாவும் நானும் விடவில்லை. "காடும் கூரையில்லாத பள்ளியும்தானே வாப்பா கிடக்கு, தனியப் போய் என்ன செய்யப்போறீங்க?" என்று வாயை அடைத்துவிட்டோம்.

கைபேசியைச் சுழற்றிக் காட்டினேன். "பாத்தீங்களா வாப்பா, எவ்வளவு வடிவா வச்சிருக்காங்க!"

அவர் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்னால் பாலாவிச் சந்தியின் லொறிச் சத்தம் கேட்டது.

"ஓம் மகள், வடிவாத்தான் இருக்கு. இதுல தொழுத ஆக்கள் எங்க போனாங்க?"

வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். துருக்கியர் தோற்றதும் போய்விட்டார்கள் என்றாள். எங்கே என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்தான் என்ன செய்வாள்?

"தெரியாதாம் வாப்பா."

"ஒராளாவது இருந்திருக்கணும் மகள்," என்றார்.

அடுத்த கிழமை நானா அழைத்தார். வாப்பா யாருக்கும் சொல்லாமல் மன்னார் பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

படிப்பு முடிந்து நான் பாலாவிக்கு வந்துவிட்டேன். நானா குடும்பத்தோடு சிலாபத்தில். வாப்பா இருந்த வீட்டில் இப்போது நான் மட்டும். அவர் மன்னாரில் அந்தக் கூரையில்லாத பள்ளியின் ஒரு மூலைக்குத் தகரம் போட்டுக்கொண்டு ஐந்து நேரமும் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார். அவரை வரச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் போன் எடுப்பேன்.

"இண்டைக்குத் தொழ ஆரும் வந்தாங்களா வாப்பா?"

"நான் இருக்கன் மகள்."