குடும்பத் தலைவர் என்று எழுதிய பெயர்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நோட்டைத் திறப்பேன். தேவமாதாவைப் பற்றின காரியமாச்சே, தப்பாக எழுதிவிட்டால் பாவமாச்சே என்று மூடிவிடுவேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன்.

வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது வயிற்றில் ஏழு மாதம். இறால் கம்பெனியில் வேலை. வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது மாடி வீட்டில் இருந்த இரண்டு ஆண்கள். பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், அண்ணாச்சி என்பேன். மற்றவன் தையல்காரன், எனக்குத் தம்பி மாதிரி. கல்யாணம் கட்டினவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருக்கிறவர்கள் அவர்கள். பிறகு மாப்பிள்ளையூரணியில் எல்லோரும் ஒரே வீட்டில் குடியேறினோம். மகளுக்கு இருவருமே அப்பா.

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், சின்னச் சிலைதான், வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் அடுத்த வீட்டார் வந்து எடுத்துப்போவார்கள். மூன்று வருஷம் எங்கள் வாசலைத் தாண்டியே போயிற்று. நாலாம் வருஷம் ஜெபக்கூட்டத் தலைவி நோட்டோடு வந்தாள்.

"ஏளா, குடும்பத் தலைவர்னு ஒரு பேரு வேணுமே. பெரியவர ஒன் வீட்டுக்காரர்னு எழுதிக்கிடுதேன். மத்தவரு அவருக்குத் தம்பி. யாருக்கும் சங்கடமில்ல."

மாதா வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டேன்.

"அப்போ இனிமே நீ அக்கா இல்ல, மதினியா?" என்று தம்பி சிரித்தான்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "பொய் சொல்லியா மாதாவ வீட்டுக்குள்ள கூப்பிடுத?" என்றார்.

மறுநாள் மாதா வந்தாள். வீடு நிறைய ஆட்கள். ஜெபமாலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மாதாவுக்கு மாலை போடுவது எங்கள் தெரு வழக்கம். மாலை தம்பி கையில் இருந்தது.

"நீங்க தள்ளி நில்லுங்க. புருஷன் பொஞ்சாதி மட்டும் வரட்டும்" என்றாள் தலைவி.

மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் அடுப்படிக்குப் போய்விட்டான். மறுமுனையை அண்ணாச்சி பிடித்தார். எனக்கு மாதா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நோட்டுல இருக்கது பொய். இவரு எனக்கு அண்ணாச்சிதான். இவருக்குத் துணை அங்கன அடுப்படியில நிக்கான்" என்று தலைவியிடம் சொல்லிவிட்டேன்.

தெருவுக்கே தெரிந்ததுதான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களைக் கேட்காமல் நான் சொன்னதும் தப்புதான்.

"சுரூபத்த எடுங்க, போவோம்" என்றது ஒரு குரல். தலைவி சுரூபத்தின் மேல் கை வைத்தாள். அவள் தூக்கவில்லை. "வந்த மாதாவ பாதியில தூக்கக்கூடாது. நாளைக்கு அடுத்த வீட்டுக்காரங்க வந்து எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். சுண்டலை யாரும் தொடவில்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மாலையைப் போட்டோம்.

மறுநாள் யாரும் எடுக்க வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நாங்களே சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தார்கள். சுரூபத்தை வாங்கிக்கொண்டு சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மாதா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை இரண்டு விதமாகக் கேட்டுவிட்டு வந்தாள். மாதா எங்கள் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று தூக்க முடியாமல் கனத்துவிட்டாளாம். இல்லை, சுரூபத்தை எங்களிடமிருந்து பிடுங்கிப் போனார்களாம். அற்புதமும் நடக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. பொய்க்குத் தலையாட்டினது நான். மூன்று நாள் மாதா எங்களோடு இருந்தாள். யாரிடமாவது இதைச் சொல்வதாக இருந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இவ்வளவை மட்டும் இப்படியே சொல்லுங்கள்.