எர்த்துப் பிடிக்காத வண்டி

நந்தனத்து ஹோட்டலில் வேலை போய், கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நொச்சிக்குப்பத்தில் பழைய பிக்கப் வண்டி ஒன்றின் பின்னால் குந்தியிருந்தவர், "நைனா, கொஞ்சம் பிரேக்க மிதி" என்றார். மிதித்தேன்.

"பிரேக்குக்கு இண்டிகேட்டர் எரியுது பாரு" என்று சிரித்தார்.

மெலிந்த ஆள், லுங்கியெல்லாம் மீன் செதில். இழை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பல்பையும் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் மாட்டினார். பின்விளக்கு இல்லாமல் இன்னொரு முறை இருட்டில் வந்தால் வண்டியை எடுத்துக்கொள்வதாகப் போலீஸ் சொல்லியிருந்தது. விடிந்து போனாலோ சைதாப்பேட்டையில் மீன் வியாபாரம் முடிந்திருக்கும்.

"வேற பல்பு போடலாமே மாமா?"

"பல்பு நல்லாத்தான் கீது. எர்த்து புடிக்கல."

கரண்ட் திரும்பிப் போக எர்த் ஒயர் வண்டியின் இரும்பைத் தொட்டாக வேண்டும். அதை முறுக்க நல்ல இரும்பு தேடிச் சுரண்டினார். வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீர் சொட்டிய பாடி, சுரண்டச் சுரண்டத் துருவாக உதிர்ந்தது.

"ஒயரு கீது, பல்பு கீது. மாட்றதுக்கு வண்டிதான் இல்ல" என்றார், கோபமே இல்லாமல்.

மறுநாள் விடியுமுன், அவர் பிக்கப்பில் ஏற்ற வேண்டிய லோடை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மிதித்துப்போக, சரக்குக்குச் சொந்தக்காரரான மீன்காரம்மா ஆள் தேடினார். அந்த வண்டிக்கு விளக்கே கிடையாது, யாரும் கேட்பதுமில்லை. நான் ஒப்புக்கொண்டேன். கவிழாதபடி பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்தது அந்த பிக்கப் மாமாதான்.