மயக்கம் தெளியாத சாரை

நம்பினால் நம்புங்கள். நான் மாட்டு டாக்டர். பேய் என்றால் சிரிக்கிற ஆள். ஆனாலும் போன கார்த்திகையில் மரக்காணத்தில் எனக்கு நடந்த இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உப்பளத்து வரப்பில் கிழிந்த வலையில் சிக்கிக் கிடந்த சாரைப்பாம்பை ஊர்க்காரர்கள் என் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்திருந்தார்கள். நைலான் நூல் சதையை அறுத்திருந்தது. மயக்க ஊசி போட்டு, நூலை வெட்டி எடுத்துத் தையல் போட்டேன். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றிலும் கதகதப்பு இருந்தால்தான் மருந்து இறங்கி மயக்கம் தெளியும். அதற்காகப் பாம்பைக் கிடத்திய பெட்டிக்கு மேல் குண்டு பல்பு கட்டியிருந்தேன். என் நேரம், வானம் இருட்டிக் குளிர்காற்று வீசியது. கரன்ட்டும் போய்விட்டது.

மாலை ஐந்தரை. பாம்பு கயிறாகக் கிடந்தது. ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை. என் கையால் ஓர் உயிர் போய்விட்டதே என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தேன்.

உதவியாளர் ஆல்பர்ட் பக்கத்து ஊரான அனுமந்தைக்காரர். அதற்குள் கொல்லையில் குழியே வெட்டிவிட்டார்.

"மழை வந்தா குழியில உப்புத்தண்ணி ஊறிடும் சார். இப்பவே பொதைச்சிடலாம். எங்க ஊர்ல மனுசங்களுக்கே அப்படித்தான்."

சாக்கு எடுக்கப் போனார். அறையில் நான் மட்டும்.

டக்... டக்...

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண். இமைகள் பாதி மூடியிருந்தன. நகமெல்லாம் ஈரச் சேறு. மழை இன்னும் ஒரு தூறல்கூடப் போடவில்லை.

"அவசரப்படாதீங்க சார்..."

வாய் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"உசுரு இருக்குது... பேசறதெல்லாம் கேக்குது... அசையத்தான் முடியல..."

பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஆல்பர்ட்டைத் தடுத்தேன். ஸ்டவ்வில் வெந்நீர் போட்டு, பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஏழு மணி...

சரக்...

சாரை தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

அப்புறம்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆல்பர்ட் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்க லிடியா அண்ணி சார்... கட்டுவிரியன் கடிச்சிடுச்சு. கண்ணத் தொறக்கல, மூச்சும் தெரியல. மழைக்கு முன்னாடின்னு அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டோம். அஞ்சு வருசம் ஆவுது."

தை மாதம் ஆல்பர்ட்டின் அப்பா இறந்தார். குடும்பத்துக்கு ஒரே கல்லறை. அவருக்காக அண்ணியின் குழியைத் தோண்டினார்கள். நானும் நின்றிருந்தேன்.

சவப்பெட்டியின் மூடி உளுத்துச் சரிந்திருந்தது.

மல்லாக்கப் படுக்கவைத்து அடக்கம் செய்த லிடியா...

குப்புறக் கிடந்தாள்.