அரங்கமே கொட்டிய 'ம்'

எழுபதுகளின் தொடக்கத்தில், நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன், பாடம் பிரச்சினை இல்லை. பேச்சுதான் பிரச்சினை. போன புதிதில் வகுப்பில் ஒரு பதில் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அன்றோடு வாயைப் பூட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் வகுப்பின் முன் நின்று கட்டுரை வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. பேசாமல் ஊருக்கே கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் கல்லூரி அரங்கில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசியே சிரிக்க வைப்பாராம். போவதற்குள் இதையும் பார்த்துவிடுவோம் என்று போனேன். முன்வரிசை காலியாகக் கிடந்தது. எல்லோரும் ஏன் பின்னால் போய் முண்டுகிறார்கள் என்று யோசிக்காமல், நமக்கு யோகம் என்று நட்டநடுவில் உட்கார்ந்தேன்.

அவர் தன் மாமியார் கதையை ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அம்மா ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டே கதை சொல்வார். கேட்கிறவர்கள் வரிக்கு வரி 'ம்' கொட்ட வேண்டும். விட்டால், "இன்னாப்பா, தூங்கிட்டியா?" என்று கதையும் நின்றுவிடும். அந்தப் பழக்கம் என்னை அறியாமல் வந்து தொலைத்தது. மேடையில் அவர் ஒரு வரி சொன்னார், நான் உரக்க 'ம்' என்றேன். இன்னொரு வரி, இன்னொரு 'ம்'.

அவர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "என்ன, வயிற்று வலியா?" என்றார். அரங்கம் குலுங்கியது. எங்கள் ஊரில் கேட்கிறவர் இப்படிச் சொல்லாவிட்டால் கதை நின்றுபோகும், நீங்கள் நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்று திக்கித் திணறி விளக்கினேன்.

முன்வரிசையில் உட்கார்ந்தவர்களைத்தான் இவர்கள் வம்புக்கு இழுப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இன்று என்னை வைத்துத்தான் நிகழ்ச்சியே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ, "நான் நிறுத்திவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இனி எல்லோரும் இவரைப் போலத்தான் கேட்க வேண்டும் என்று கட்டளை போட்டார். அவர்களுக்கு 'ம்' சரியாக வரவில்லையாம். என்னையே எழுப்பிச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அதன்பின் வரிக்கு வரி அரங்கமே 'ம்' கொட்டியது. எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது, சிரித்துச் சிரித்து.

அடுத்த வாரம் கட்டுரையோடு எழுந்து நின்றேன். முதல் வரி முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு 'ம்'. அடுத்த வரிக்கு இன்னும் சில. முன்பு சிரித்த அதே ஆட்கள்தான்; அவர்களும் அன்று அரங்கில் இருந்திருக்கிறார்கள். பயம் போன இடம் தெரியவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன்.

படிப்பை முடித்து ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டேன். "ம்... சொல்லிக்கினே போப்பா" என்றார். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவரு நெனச்சிருந்தா உன்ன அழ வச்சிருக்கலாம் இல்ல?" என்றார்.

அந்த நகைச்சுவைக்காரரை மறுபடி பார்க்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது பேச்சு வராமல் என் எதிரே திணறி நின்றால், அவரை நினைத்துக்கொண்டு ஒரு 'ம்' கொட்டிவிடுகிறேன்.